லோயர் ஆர்ம் ஓட்டையை இறக்கினால் பின் டயர் பிடிக்குமா?

பின்னால் வந்து வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1990 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8, ஐந்து கியர் மேனுவல். முன்பு வைத்திருந்தவர் குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியை 30 மில்லிமீட்டர் போலத் தாழ்த்தியிருக்கிறார். டிராக் ஸ்டிரிப்பில், அதாவது நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில், கிளட்சை விட்டதும் பின் டயர் சுற்றுகிறது, சில சமயம் பின்பக்கமே தடதடவென்று குதிக்கிறது. பின் ஆக்ஸிலைப் பாடியோடு இணைக்கும் கீழ்ப்பக்கக் கம்பியான லோயர் ஆர்மின் பின்முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டை வாங்கலாமா, அதில் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் எதில் மாட்டுவது, பாயும்போது பின்பக்கம் அமுங்காமல் தடுக்கும் ஆன்டி-ஸ்குவாட் 150 சதவீதம் வேண்டும் என்கிறார்களே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், வாரக்கடைசியில் மலைப்பாதையிலும் ஓட்டுவேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் பாதியை முடிவு செய்வது அந்த வரிதான்.

டயர் சுற்றுவதும் பின்பக்கம் குதிப்பதும் ஒரே நோய் இல்லை. சுற்றுவது, டயர்மேல் விழும் எடையும் ரப்பரின் பிடிப்பும் எஞ்சினுக்கு ஈடுகொடுக்காத விவகாரம். குதிப்பது, ஆக்ஸிலை நிறுத்திவைத்திருக்கும் புஷ் (ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் உருளை), ஆர்ம், ஷாக் இவற்றில் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப விட்டுக்கொடுக்கும் விவகாரம். பிராக்கெட் முதல் நோய்க்குக் கொஞ்சம் உதவும். இரண்டாவதைச் சில வண்டிகளில் குறைக்கும், சில வண்டிகளில் கூட்டிவிடும். நான் பல வருடமாக சேஸிஸ் வேலை செய்கிறவன். இந்த மாதிரி நான்கு ஆர்ம் உள்ள பின் ஆக்ஸிலைக் கழற்றி மாட்டிப் பழக்கம் உண்டு. ஆனாலும் உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் கணக்கால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் அனுபவத்தில் சொல்வதையும் கலக்காமல் எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயத்தில் தொடங்கலாம். வண்டி முன்னால் பாயும்போது முன் டயரிலிருந்து பின் டயருக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை சஸ்பென்ஷன் தீர்மானிப்பதில்லை. வண்டியின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ், வேகம் கூடும் வீதம், இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன. உங்கள் வண்டியின் வீல்பேஸ் 100.5 அங்குலம், அதாவது சுமார் 2,550 மில்லிமீட்டர். ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 500 மில்லிமீட்டர், நிற்கும்போது பின் டயர்களில் 43 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டயரின் பிடிப்பு எண் 1 என்றால், இந்த வண்டி அதிகபட்சம் 0.535 ஜி வீதத்தில்தான் பாய முடியும். அப்போது பின்னால் போய்ச் சேரும் கூடுதல் எடை சுமார் 157 கிலோ. எந்த ஓட்டையில் எந்த ஆர்மை மாட்டினாலும் இந்த 157 கிலோ 200 ஆகாது.

இதே கணக்கில் மூன்று மாற்றங்களைச் செய்து பாருங்கள். ஈர்ப்பு மையத்தை 25 மில்லிமீட்டர் உயர்த்தினால் 0.535 என்பது 0.54-ஐத் தொடும், அவ்வளவுதான். முன்னால் இருக்கும் 20 கிலோ பேட்டரியைப் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே டிக்கியில் வைத்தால் 0.55 ஆகும். பிடிப்பு எண் 1.2 உள்ள டயர் மாட்டினால் 0.67-க்கு மேல் போய்விடும். முதலாவது ஒரு சதவீதம், இரண்டாவது மூன்று சதவீதம், மூன்றாவது 26 சதவீதம். இப்போது என்ன டயர் போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண ரோட்டு டயர், அதுவும் வாங்கிப் பல வருடம் ஆகி ரப்பர் கல்லாகிப்போன டயர் என்றால், பிராக்கெட்டுக்கு எடுத்துவைத்த பணத்தை அப்படியே டயர்க்கடையில் கொடுங்கள். மீதியை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சரி, அப்படியானால் ஆர்மின் கோணத்தை மாற்றி என்ன பயன்? அந்த 157 கிலோ எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் டயருக்குப் போகிறது என்பதை அது மாற்றும். ஸ்பிரிங் வழியாகப் போக வேண்டுமானால் பாடி முதலில் கீழே அமுங்கியாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஆர்ம் வழியாகப் போனால் டயர் தரையைத் தள்ளிய அந்தக் கணமே போய்விடும். உங்கள் வண்டியில் பின் ஆக்ஸில் முன்னோக்கித் தள்ளும்போது லோயர் ஆர்ம் இரண்டும் பாடியை முன்னால் நெட்டும். ஆக்ஸில் ஹவுசிங் பின்பக்கமாக உருளப் பார்ப்பதால் அப்பர் ஆர்ம் இரண்டும் பாடியைப் பின்னால் இழுக்கும். ஆர்ம்கள் சாய்வாக இருப்பதால் இந்தத் தள்ளலிலும் இழுப்பிலும் ஒரு பங்கு பாடியை மேலே தூக்கும், அதே பங்கு ஆக்ஸிலைக் கீழே அழுத்தும். பாடியின் பின்பக்கம் அமுங்கப் பார்ப்பதும் இந்தத் தூக்கலும் சரிக்குச் சரியாக இருந்தால் அதற்குப் பெயர்தான் நூறு சதவீத ஆன்டி-ஸ்குவாட். வண்டி பாயும்போது பின்பக்கம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. நூறுக்கு மேல் போனால் பின்பக்கம் எழும்பும். எழும்பும் அந்த நேரத்தில் மட்டும் டயர்மேல் கணக்கைவிடக் கூடுதல் அழுத்தம் விழும். எழும்பி முடிந்து பாடி நின்றதும் அந்தக் கூடுதல் போய்விடும், சில சமயம் கழியவும் செய்யும். 150 சதவீதக்காரர்கள் நம்பியிருப்பது அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தைத்தான். ஸ்டிரிப்பில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை.

இதை அளக்க நூலில் கட்டிய தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப், ஒரு கிராஃப் தாள் போதும். வண்டியைச் சமதளத்தில், நான்கு டயரும் தரையில் இருக்க, ஓட்டுநர் எடைக்குச் சமமாக இருக்கையில் எதையாவது வைத்து நிறுத்துங்கள். ஜாக்கியில் தூக்கி அளந்தால் எல்லா எண்ணும் பொய். ஒவ்வொரு ஆர்மின் இரண்டு போல்ட் மையமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின் டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னால் என்று எடுத்துத் தாளில் பக்கவாட்டுப் படமாகப் போடுங்கள். அப்பர் ஆர்ம்கள் மேலிருந்து பார்த்தால் சாய்வாகப் போகின்றனவே என்று குழம்ப வேண்டாம், பக்கத்திலிருந்து பார்க்கும் கோடு போதும். அப்பர் கோட்டையும் லோயர் கோட்டையும் முன்னோக்கி நீட்டினால் சந்திக்கும் புள்ளிதான் இன்ஸ்டன்ட் சென்டர். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் சரிவை, ஈர்ப்பு மைய உயரத்தை வீல்பேஸால் வகுத்த எண்ணால் வகுத்தால் ஆன்டி-ஸ்குவாட் கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். இது உங்கள் வண்டியின் அளவு இல்லை, இந்த மாதிரி அமைப்புக்குப் பொருந்துகிற உத்தேச எண்கள். லோயர் ஆர்மின் பின் போல்ட் 230 மில்லிமீட்டர் உயரத்தில், முன் போல்ட் 450 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி 240 உயரத்தில். அப்பர் ஆர்மின் பின் போல்ட் 430 உயரத்தில், முன் போல்ட் 260 முன்னால் தள்ளி 390 உயரத்தில். கோடுகள் சுமார் 1,136 மில்லிமீட்டர் முன்னால், 255 உயரத்தில் சந்திக்கும். ஆன்டி-ஸ்குவாட் 114 சதவீதம். இப்போது வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். பாடியில் இருக்கும் இரண்டு முன் போல்ட்டும், ஈர்ப்பு மையமும் 30 இறங்கும், ஆக்ஸில் பக்கம் அப்படியே இருக்கும். சந்திப்புப் புள்ளி 890 மில்லிமீட்டருக்குப் பின்வாங்கி 190 உயரத்துக்கு இறங்கிவிடும், ஆனால் சதவீதம் 116. அதாவது மாறவே இல்லை என்று சொல்லலாம். தாழ்த்தினால் ஆன்டி-ஸ்குவாட் செத்துவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் லோயர் ஆர்மை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். 1982 முதல் 2002 வரை வந்த கமாரோ போல டார்க் ஆர்ம் (ஆக்ஸிலிலிருந்து முன்னோக்கி நீளும் ஒற்றைக் கம்பி) உள்ள வண்டிகளில் அப்பர் ஆர்மே கிடையாது, அங்கே அவர்கள் பேச்சு பொருந்தும். உங்கள் அமைப்பில் அப்பர் ஆர்மும் கூடவே சாய்ந்து ஈடுகட்டிவிடுகிறது.

தாழ்த்திய அதே வண்டியில் லோயர் ஆர்மின் பின்முனையை 25 மில்லிமீட்டர் கீழ் ஓட்டைக்கு மாற்றி, பாடியின் உயரத்தையும் மாறாமல் வைத்தால் 145 சதவீதம். 50 மில்லிமீட்டர் இறக்கினால் 167. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இவ்வளவு மாற்றம். இதைப் பார்த்தாலே 150 என்ற இலக்கு எவ்வளவு வழுக்கலானது என்று புரியும். இன்னொன்று, ஈர்ப்பு மைய உயரத்தை யாரும் சரியாக அளப்பதில்லை. இந்த மாதிரி வி8 வண்டிகளில் கேம்ஷாஃப்ட் உயரத்தையே ஈர்ப்பு மைய உயரமாக எடுத்துக்கொள்வது டிராக் ரேஸ்காரர்களின் வழக்கம். அது வெறும் உத்தேசம். 500 என்று நினைத்தது உண்மையில் 550 ஆக இருந்தால், முதல் கணக்கில் வந்த 114 சதவீதம் 104 ஆகிவிடும். அதனால் இரண்டு பேருடைய சதவீதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. ஒரே வண்டியில், ஒரே உயரத்தை வைத்துப் போட்ட நேற்றைய கணக்கையும் இன்றைய கணக்கையும் ஒப்பிடலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பாடி உயரம் மாறாமல் என்று சொன்னேனே, அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் மஸ்டாங்கில் பின் ஸ்பிரிங் ஆக்ஸில் மேல் உட்காரவில்லை, லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆர்மின் பின்முனையை ஆக்ஸிலில் 25 மில்லிமீட்டர் இறக்கினால் ஸ்பிரிங் உட்கார்ந்த இடமும் ஆர்மோடு சேர்ந்து மாறுகிறது. ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் சுமை அதேதான் என்பதால் ஆர்ம் பாடிக்கு எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் போய் நிற்கும். விளைவு, வண்டியின் பின்பக்கம் கிட்டத்தட்ட அதே 25 மில்லிமீட்டர் தாழும். லோயர் ஆர்மின் சாய்வைச் சரிசெய்யத்தான் பிராக்கெட் வாங்கினீர்கள், அந்தச் சாய்வு இருந்த இடத்திலேயே இருக்கும். ஏற்கெனவே தாழ்ந்த வண்டி மேலும் தாழ்ந்து பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும். ஸ்பிரிங் இருக்கையைத் திருகி உயர்த்தக்கூடிய லோயர் ஆர்ம், அல்லது ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும், ஆக்ஸிலில் மாட்டும் காயில்-ஓவர், இரண்டில் ஒன்று இல்லாமல் இந்த பிராக்கெட்டைத் தனியாக வாங்காதீர்கள். விற்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்வதில்லை.

இனி குதிப்பு. இதில் நான் முதலில் கை வைக்கும் இடம் புஷ். கம்பெனியில் வந்த லோயர் ஆர்ம் மடித்த தகடு, அதன் இரண்டு முனையிலும் ரப்பர். அப்பர் ஆர்மின் பின்பக்க ரப்பர் ஆக்ஸில் ஹவுசிங்கின் காதுகளில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் ஆன ரப்பர். கிளட்சை விட்டதும் ஆக்ஸில் அந்த ரப்பர்களை முறுக்குகிறது, டயர் வழுக்கியதும் ரப்பர் திரும்ப உதைக்கிறது, டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி முறுக்கு. விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் இது நடக்கும்போதுதான் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் யாரோ சுத்தியலால் அடிப்பது போலத் தெரியும். ஃபோர்டு கம்பெனியே இதற்கு மருந்து வைத்தது. 1980-களின் நடுவிலிருந்து இந்த வண்டிகளில் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் இடையே படுக்கைவாக்கில் இரண்டு கூடுதல் ஷாக்குகள் இருக்கும், குவாட் ஷாக் என்பார்கள். உங்கள் வண்டியில் அவை இருக்கின்றனவா, இருந்தால் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் அகலமான டயர் உரசுகிறது என்று கழற்றி வீசியிருப்பது சகஜம்.

புஷ் மாற்றும்போது எல்லா இடத்திலும் பாலியூரிதேன் போட்டுவிடாதீர்கள். லோயர் ஆர்மில் கெட்டியான புஷ் போடலாம். அப்பர் ஆர்ம்களில், அதுவும் ஆக்ஸில் பக்கத்துக் காதுகளில், ரப்பரே இருக்கட்டும். அப்பர் ஆர்ம்கள் சாய்வாக இருப்பதால் ஆக்ஸில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது அந்த புஷ் முறுகிக்கொடுத்தே ஆக வேண்டும். எல்லாமே கெட்டி என்றால் வளைவில் பின் சஸ்பென்ஷன் திடீரென்று இறுகிப்போகும், பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே ஓடும். உங்கள் மலைப்பாதையில் அது வேண்டாம். இந்தச் சிக்கலுக்காகவே 2005-இல் வந்த மஸ்டாங்கில் ஃபோர்டு சாய்ந்த இரண்டு அப்பர் ஆர்மை விட்டுவிட்டு, நடுவில் ஒரே அப்பர் ஆர்ம், பக்கவாட்டுக்கு ஒரு பான்ஹார்ட் ராட் என்று போனது என்பது என் ஊகம். காரணம் எதுவாக இருந்தாலும் அந்த வண்டியில் இந்த இறுக்கம் இல்லை.

அதோடு டார்க் பாக்ஸையும் பார்த்துவிடுங்கள். ஆர்ம்கள் பாடியில் மாட்டும் பெட்டி போன்ற தகடுகளைத்தான் சொல்கிறேன். லோயர் பெட்டி பின் டயருக்குச் சற்று முன்னால், அடியில் படுத்தால் தெரியும். அப்பர் பெட்டியைப் பார்க்கப் பின் இருக்கையைக் கழற்ற வேண்டும். ஸ்பாட் வெல்டு புள்ளிகளைச் சுற்றிப் பெயிண்ட் மயிரிழையாக வெடித்து, அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் தகடு கிழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும், நேராக அடித்தால் தெரியாது. நல்ல டயரும் ஏறிய ஆன்டி-ஸ்குவாட்டும் சேர்ந்தால் இந்தத் தகடுகளுக்கு விழும் சுமை எகிறும். இந்த வரிசை மஸ்டாங்குகளில் டார்க் பாக்ஸ் கிழிவது எல்லோரும் அறிந்த கதை, அதற்கென்றே வெல்டு செய்யும் தகடு கிட் கிடைக்கிறது. வெடிப்பு இருந்தால் முதலில் அந்த வேலை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஷாக் விஷயத்தில் என்னிடம் சூத்திரம் இல்லை, பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. கைபேசியைத் தரையோடு, பின் சக்கரத்தின் மையத்துக்கு நேராக, பக்கவாட்டில் நண்பர் ஒருவரை வைத்துப் பிடிக்கச் சொல்லி ஸ்லோ மோஷனில் எடுங்கள். மட்கார்டு விளிம்பில் ஒரு வெள்ளை டேப், வீல் மையத்தில் ஒரு வெள்ளை டேப். டயரின் மேல்விளிம்பை வைத்து அளக்காதீர்கள், பக்கச்சுவர் அமுங்குவது கணக்கைக் கெடுத்துவிடும். ரிம்மில் ஒரு சாக்பீஸ் கோடு, அதே நேரில் டயரிலும் ஒரு கோடு போட்டுவையுங்கள், ரிம் டயருக்குள்ளேயே வழுக்குகிறதா என்று ஓடி முடித்ததும் தெரிந்துவிடும். வீடியோவில் முதல் அரை விநாடியைப் பாருங்கள். டேப் இரண்டும் விலகினால் ஆன்டி-ஸ்குவாட் நூறுக்கு மேல், நெருங்கினால் நூறுக்குக் கீழ். கிராஃப் தாளைவிட இந்தச் சாட்சியை நான் அதிகம் நம்புவேன். சட்டென்று விலகி, பிறகு சட்டென்று மூடி, மூடும் அந்த நேரத்தில் டயர் சுற்றத் தொடங்கினால், ஷாக்கின் ரீபவுண்ட், அதாவது விரியும்போது அது தரும் எதிர்ப்பு, தளர்வாக இருக்கிறது. பாடியை அது மெதுவாக எழ விட வேண்டும். டேப் நெருங்கிக்கொண்டே போய் டயர் சுற்றினால், ஒரு ஓட்டை இறக்குவதற்கு உங்களிடம் நியாயம் இருக்கிறது. டிராக் ரேடியல் டயர்கள் அந்த முதல் அடியை மெதுவாகக் கேட்கும், பக்கச்சுவர் சுருங்கும் பழைய வகை ஸ்லிக் டயர்கள் பலமான அடியைத் தாங்கும் என்பது நான் பார்த்த வரையில் சரியாகவே வந்திருக்கிறது. இதைக் கணக்குப் போட்டு நிரூபி என்றால் என்னால் ஆகாது.

மலைப்பாதைக்கு வருவோம். லோயர் ஆர்மின் முன்முனை பின்முனையைவிட உயரமாக இருந்தால், வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகரும், உள்பக்கச் சக்கரம் முன்னால் வரும். ஆக்ஸில் முழுவதும் வளைவுக்கு வெளியே பார்த்துத் திரும்பும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். தாழ்த்திய உங்கள் வண்டியில் இப்போது நிலைமை இதற்கு நேர்மாறு, முன்முனை தாழ்ந்திருக்கும், பின்பக்கம் மந்தமாக ஆனால் பத்திரமாக இருக்கும். என் மாதிரிக் கணக்கில் 25 மில்லிமீட்டர் இறக்கியதும் லோயர் ஆர்ம் முன்பக்கம் வெறும் 5 மில்லிமீட்டர் உயரம், அதாவது கிட்டத்தட்டச் சமதளம். 50 இறக்கினால் 30 மில்லிமீட்டர் உயரம், ஏறக்குறைய நான்கு டிகிரி. ஸ்டிரிப்புக்கு அது பரவாயில்லை, கொண்டைஊசி வளைவுக்குப் பரவாயில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிரேக்கிலும் இதற்கு ஒரு விலை உண்டு. பாயும்போது பின்பக்கத்தைத் தூக்கும் அதே கோடு, பிரேக் பிடிக்கும்போது பின்பக்கத்தைக் கீழே இழுத்து ஆக்ஸிலைத் தரையிலிருந்து எடுக்கப் பார்க்கும். இறக்கத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின் டயர்கள் துள்ளுவதை உணர்வீர்கள்.

பினியன் கோணம், அதாவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸில் மூக்கின் சாய்வு, பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பிடிப்பு கூட்டும் மந்திரமாக நினைக்கிறவர்கள் நிறைய. அது கிராஸ் ஜாயின்ட்டுகளுக்கான கோணம். எஞ்சின் இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே ஏறும். அந்த நிலையில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டோடு அது நேராக வர வேண்டும் என்பதற்காக நிற்கும்போது ஒன்றிரண்டு டிகிரி கீழே பார்த்து வைக்கிறோம். புஷ் தளர்வாக இருந்தால் இன்னும் கொஞ்சம், கட்டு ஸ்பிரிங் வண்டிகளில் அதைவிட அதிகம். அட்ஜஸ்ட் செய்யும் அப்பர் ஆர்ம் போட்டால் ஆன்டி-ஸ்குவாட்டை மாற்றிய பிறகு இதை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள், இல்லையென்றால் 80 மைல் வேகத்தில் தரை அதிரும்.

தனித்தனிச் சக்கரமாக இயங்கும் பின் சஸ்பென்ஷன் உள்ளவர்கள் இதை வாசித்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. டிஃபரன்ஷியல் பாடியில் மாட்டப்பட்ட வண்டிகளில் அந்தக் கோட்டை டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து போடக் கூடாது, வீல் மையத்திலிருந்து போட வேண்டும். அங்கே முறுக்கு ஆர்ம்களுக்கு வராமல் பாடிக்கே போய்விடுகிறது. அதனால் சதவீதம் இயல்பாகவே மிகக் குறைவாக வரும், பயப்பட வேண்டாம். பழைய பிஎம்டபிள்யூ இ30 போல செமி-டிரெய்லிங் ஆர்ம் உள்ள வண்டிகளில் பின்பக்கம் அமுங்கும்போது சக்கரம் உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு மட்டும் தரையைத் தொடும். அங்கே அமுக்கத்தைக் குறைப்பதே ஒரு லாபம்.

உங்கள் வண்டிக்குத் திரும்புகிறேன். ஸ்டிரிப்பில் வலது டயர் தடம் இடதைவிடக் கருப்பாக விழுகிறதா? இரண்டு பின் சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் இருக்கும் வண்டியில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் முறுக்கு ஆக்ஸிலை உருட்டி வலது சக்கரத்தைத் தூக்கும், இடதை அழுத்தும். டயர் வழுக்கும் எல்லையில் உங்கள் ஷாஃப்டில் ஓடும் முறுக்கு, ஆக்ஸில் விகிதம் 3.08 என்றால், 800 நியூட்டன்-மீட்டர் பக்கம் வரும். சாய்வைத் தடுக்கும் பலத்தில் 70 சதவீதம் முன் சஸ்பென்ஷனிடம் இருப்பதாக வைத்தால், வலது டயரிலிருந்து இடதுக்குப் போவது சுமார் 40 கிலோ. ஒன்றில் 360, மற்றதில் 440. ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிவிடாமல் தடுக்கும் உங்கள் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலின் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால், வலது டயர் விட்டதும் கதை முடிந்தது. இதை எந்த பிராக்கெட்டும் சரிசெய்யாது. வலது ஸ்பிரிங்குக்குள் ஒரு ஏர் பேக் வைத்துக் கொஞ்சம் காற்றேற்றுவார்கள், தடம் இரண்டும் ஒரே கருப்பாக வரும்வரை.

ஆக, நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். டயர், டயர் காற்று. டார்க் பாக்ஸ் வெடிப்பு. லோயர் ஆர்ம் புஷ், குவாட் ஷாக், பின் ஷாக். பிறகு வீடியோ. இவ்வளவில் குதிப்பு நின்றுவிடும் என்றே எதிர்பார்க்கிறேன். அதன் பிறகும் வீடியோவில் பின்பக்கம் அமுங்கிக்கொண்டே டயர் சுற்றினால், உயரம் மாற்றக்கூடிய லோயர் ஆர்மோடு சேர்த்து பிராக்கெட்டை வாங்கி மேல் ஓட்டையில், அதாவது 25 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும் ஓட்டையில் மாட்டுங்கள். மலைப்பாதையிலும் ஓட்டுகிறவராக இருந்தால் கீழ் ஓட்டையைத் தொடாதீர்கள். ஏர் பேக் வைத்தால் ஸ்டிரிப்பிலிருந்து கிளம்பும் முன் இரண்டு பக்கமும் காற்றைச் சமமாக்கிவிட்டு ரோட்டில் இறங்குங்கள். வீடியோவையும் நான்கு ஆர்ம்களின் எட்டு போல்ட் உயரங்களையும் இங்கேயே போட்டால் கோடு போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.